மாஸ்டருக்குப் படத்திறப்பு மட்டும் போதுமா?

நம் ஊர் ஓ.டி. சொந்தங்களுக்கு வணக்கம்.

டிராயிங் மாஸ்டர் தவறிய செய்தி எல்லாருக்கும் வந்திருக்கும். காரியத்தன்று சங்கத்தின் சார்பில் படத்திறப்பு வைக்கலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் எழுதியிருந்தார். வைக்கலாம். மாலை போட்ட போட்டோவோடு முடித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கட்சி.

காமிக்ஸோடு மாட்டினால் மற்ற வாத்தியார்கள் கிழிப்பார்கள். மாஸ்டர் வாங்கிப் புரட்டிவிட்டு, "கதை கிடக்கட்டும்டா. மூணாவது கட்டத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்பார். முத்து காமிக்ஸ் 1972-ல் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை எத்தனை முறை படித்திருப்போம்! கரன்ட் பாய்ந்து ஆள் மறைந்ததும் அந்தரத்தில் நிற்கும் கையைத்தான் நாம் பார்த்தோம். அவர் காட்டியது கையைச் சுற்றியிருந்த கறுப்பை. அதை வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்று சொன்னதும் அவர்தான்.

பிரெஞ்சிலிருந்து வந்த கௌபாய் காமிக்ஸ் கேப்டன் டைகர் நமக்குக் கறுப்பு வெள்ளையில் வந்துகொண்டிருந்த காலம். பாண்டி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அதன் பிரெஞ்சு ஆல்பம் ஒன்றைப் பிடித்து வந்தார், முழுக் கலரில். பிரெஞ்சு ஓர் எழுத்து தெரியாது அவருக்கு. இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, "வானம் ஏண்டா மஞ்சளா இருக்கு?" என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. "நீலம் அடிச்சா அந்தப் பாலைவனத்து வெயில் உனக்குச் சுடுமா?" ஒருத்தன் உடனே கலர் பென்சிலோடு தமிழ்ப் புத்தகத்தில் இறங்கப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டார். அதை வரைந்த ழான் ஜிரோ என்ற பேரை அன்றுதான் கேட்டேன். இப்போது நான் பிழைக்கும் பிரான்சில் காமிக்ஸை ஒன்பதாவது கலை என்கிறார்கள். அங்குலேம் ஊரில் 1974-ல் அதற்கென்றே விழா தொடங்கினார்கள். ஓ.டி.யில் காமிக்ஸ் ஒரு கலை என்று சொல்ல ஒரு மனுஷன் இருந்தார்.

ஒன்றில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துவராது. வசனத்தை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். முத்து, லயன் காமிக்ஸ் வெளியிட்ட சிவகாசிக்காரர்கள் போட்ட தமிழ் இல்லாவிட்டால் சிரிப்புக் கௌபாய் லக்கி லூக்குக்கு யார் சிரித்திருப்பார்கள்?

அவர் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இதழ்கள் இருக்கின்றனவாம். பழைய முத்து, லயனுக்கெல்லாம் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருகிறார்கள். வீட்டார் விற்றால் குறை சொல்ல முடியாது. அதே விலைக்குச் சங்கமே வாங்கி நம் பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுக்கலாமா? கண்ணாடி அலமாரியில் பூட்டுவதாக இருந்தால் நான் காசு தரமாட்டேன், பசங்கள் எடுத்துப் படிக்கணும். வீட்டாரிடம் பக்குவமாகப் பேச இப்போது ஊரில் யார் இருக்கிறீர்கள்?