கோப்பித்தூள் நிறத்தில் மரத்தூள்: துளைக்கக்கூடாத மேப்பிள் பார்த்தவர்கள் சொல்லுங்கோ

வாளிக்காரன்:
பாகு காய்ச்சச் சாறு எடுக்க மேப்பிள் மரத்தைத் துளைத்தேன். மார்ச் முதல் வாரம், இரவு மைனஸ் 5, பகல் பிளஸ் 5. சுகர் மேப்பிள்தான், குறுக்களவு 40 செ.மீ., பட்டை சுத்தம். 8 மி.மீ. துளையூசி (பிற்) 2 செ.மீ. இறங்கியதும் கோப்பித்தூள் நிறத்தில் தூள் கொட்டியது. வாளியில் ஒரு சொட்டு இல்லை. பிறகு பார்த்தால், ஒரு சாண் கீழே தொப்புள் மாதிரி பழைய துளையின் தழும்பு. பட்டை மூடினாலும் உள்ளே, துளைக்கு மேலும் கீழும், செத்த மரம் நீளமாக நிற்கும். அதில் சாறு ஓடாது. அந்த நிறம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

செம்மொட்டு:
உங்களுடையது சுகர் மேப்பிளாவது. ரொறொன்ரோ தெருக்களில் பாதிப்பேர் நார்வே மேப்பிளுக்கு வாளி கட்டுகிறார்கள். இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வரும், அதுதான் நார்வே. குளிரில் மொட்டைப் பாருங்கோ: சுகர் மேப்பிளுக்கு ஒல்லி, கூர், பழுப்பு, நார்வேக்குத் தடித்துச் சிவந்திருக்கும். செப்டம்பரில் இலை இருக்கும்போதே சுகர் மேப்பிளுக்கு ரிப்பன் கட்டிவிட்டால் குழப்பமில்லை. சீனி குறைந்த சாறென்றால் காய்ச்சுவதும் கூடும். 86-ஐச் சாற்றின் சீனி வீதத்தால் வகுத்துப் பாருங்கோ: 2 வீதச் சாறு என்றால் 43 லீற்றருக்கு 1 லீற்றர் பாகு, 1 வீதம் என்றால் 86 லீற்றர். விறகுக் காசு யார் தாறது?

பழைய துளை:
வாளிக்காரன், தழும்பை முதலே தடவிப் பார்த்திருக்கவேணும். பட்டை சுத்தம் என்று சொல்வதையும் ஏற்கமாட்டேன், முதலில் அண்ணாந்து பார்க்கவேணும். உச்சிக் கிளைகளில் கால்வாசிக்கு மேல் பட்டுப்போயிருந்தால் அந்த மரம் வேண்டாம். அகலமாக விரிந்து வெயில் பிடிக்கும் கிளைப்பரப்பு உள்ள மரத்தில்தான் சீனி கூடும். அடிமரத்தில் நாகம் படமெடுத்த மாதிரி வீங்கிக் குழிந்திருந்தால் யூட்டிபெல்லாப் புற்று என்ற பூஞ்சை நோய், காற்றுக்கு அந்த இடத்திலேயே முறியும். காளான் தட்டு முளைத்தால் உள்ளே உக்கல். 2021-இல் ஒன்ராறியோவில் மயிர்க்கொட்டி மொட்டையடித்த மாதிரி இலை இழந்த மரத்துக்கு அடுத்த வசந்தம் ஓய்வு கொடுக்கவேணும், சேமித்த மாப்பொருளை மறுபடி இலைவிடவே செலவழித்துவிடும். 1 செ.மீ. அகலத்தில் வட்டமான ஓட்டை கண்டால், மேப்பிளைத் துளைக்கும் ஆசிய நீள்கொம்பு வண்டாக இருக்கலாம், கனடா உணவு ஆய்வு முகமைக்குச் சொல்லுங்கோ. அந்த வண்டு 2020-இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள், ஆனால் 2013-இலும் அப்படித்தான் அறிவித்தார்கள், அதே ஆண்டு மிசிசாகாப் பக்கம் திரும்பவும் பிடிபட்டது. இன்னொன்று, துளையைக் குச்சியால் அடைக்காதேங்கோ, மரம் தானே மூடும்.

செம்மொட்டு:
கேட்டது ஒன்று, வந்தது ஒரு பாடம். அளவைச் சொல்லவில்லையே அண்ணை. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 94 செ.மீ. என்றால் குறுக்களவு 30. அதற்குக் கீழே தொடவேண்டாம்.

பழைய துளை:
25 போதும், கிளை நல்லா இருந்தால். 45-க்கு மேல்தான் இரண்டாவது துளை, மூன்றாவது எந்த மரத்துக்கும் இல்லை. ஆழம் 4 செ.மீ., வெளிப்பக்கம் சற்றே சரிவாக. வாளிக்காரன், பிறகு அந்த மரத்தை என்ன செய்தீங்கள்?

வாளிக்காரன்:
10 செ.மீ. வலப்பக்கம் தள்ளி, உயரத்தையும் 20 செ.மீ. மாற்றி இன்னொரு துளை. வெள்ளைத் தூள். இருட்டுவதற்குள் 4 லீற்றர்.