நோக்கோடசோல் போட்டால் செல் அசைகிறது, ஆனால் திசை தப்புகிறது. ஏன்?

கேள்வி:
வணக்கம். 3டி3 ஃபைப்ரோபிளாஸ்டில் (எலியின் இணைப்புத் திசுச் செல்) ஸ்கிராட்ச் அஸ்ஸே செய்கிறேன், அதாவது செல் விரிப்பில் கீறல் போட்டு, செல்கள் நகர்ந்து அதை மூடுவதைப் பார்க்கிறேன். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கன்ட்ரோல் தட்டில் கீறல் ஒழுங்காக மூடுகிறது. மைக்ரோட்யூபூல்களை (டியூபுலின் புரதத்தால் ஆன நுண்குழல்கள்) கலைக்கும் நோக்கோடசோலை 10 மைக்ரோமோலார் போட்டதில் மூடவே இல்லை. ஆனால் டைம்லாப்ஸில் பார்த்தால் செல்கள் சும்மா நிற்கவில்லை. கீறல் பக்கம் மட்டும் விரிய வேண்டிய விளிம்பு சுற்றிலும் விரிந்து விரிந்து சுருங்குகிறது. செல் இருந்த இடத்திலேயே அல்லாடுகிறது. ஆக்டின் இழைகளைக் காட்டும் ஃபாலாய்டின் போட்டால் ஸ்ட்ரெஸ் ஃபைபர்கள் (சுருங்கும் ஆக்டின் கட்டுகள்) கன்ட்ரோலைவிடத் தடிமன். மைக்ரோட்யூபூலைக் கலைத்தால் ஆக்டின் ஏன் இப்படி ஆகிறது? ‘மைக்ரோட்யூபூல் இல்லாமல் செல் நகராது’ என்று எழுதலாமா? இன்னொன்று, கன்ட்ரோல் செல்லிலேயே டியூபுலின் ஸ்டெயின் புகைமூட்டமாக வருகிறது.

பதில் 1:
தம்பி, அப்படி எழுத வேண்டாம். மீன் செதிலிலிருந்து எடுக்கும் கெரட்டோசைட் என்ற தோல் செல்லின் துண்டுகள் மைக்ரோட்யூபூலும், அவை கிளம்பும் மையமான சென்ட்ரோசோமும் இல்லாமலே ஒரே திசையில் போகும். 1984-இல் யூட்டனாயரும் ஷ்லிவாவும் காட்டியது இது. தள்ளும் விசை ஆக்டினுடையது. ஃபைப்ரோபிளாஸ்ட் போலத் தரையை இறுகப் பிடிக்கும் செல்லுக்குத்தான் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று நிலைநிறுத்த மைக்ரோட்யூபூல் வேண்டும். 1970-இலேயே வாசிலீவ், கெல்ஃபாண்ட் குழு கோல்செமிட் (இதுவும் மைக்ரோட்யூபூலைக் கலைக்கும் மருந்து) போட்டுப் பார்த்ததும் நீங்கள் சொல்லும் இதே காட்சியைத்தான்.

ஸ்ட்ரெஸ் ஃபைபருக்குக் காரணம் ஜிஇஎஃப்-எச்1 என்ற புரதம். மைக்ரோட்யூபூலில் ஒட்டியிருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். கலைத்தவுடன் விடுபட்டு, சுருக்கத்தைக் கூட்டும் ரோ-ஏ (RhoA) என்ற புரதத்தைத் தூண்டும். மயோசின் என்ற மோட்டார் புரதம் ஆக்டினை இழுக்கத் தொடங்கும், ஃபைபர் தடிக்கும். அதாவது உங்கள் தட்டில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன: மைக்ரோட்யூபூல் போனது, சுருக்கம் கூடியது. ரோ-வின் கீழ் வேலை செய்யும் ராக் கைனேஸை (ROCK) அடக்கும் ஒய்-27632 என்ற மருந்தை நோக்கோடசோலோடு சேர்த்து ஒரு தட்டு, அது மட்டும் தனியாக ஒரு தட்டு வையுங்கள்.

ஸ்டெயின் விஷயம்: கழுவும் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வருகிறதா? குளிர் பட்டாலே மைக்ரோட்யூபூல் கரையத் தொடங்கிவிடும். பிபிஎஸ், செல்லை இருந்தபடியே நிலைநிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் இரண்டையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்து செய்யுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 10 மைக்ரோமோலார் என்பது ‘மைக்ரோட்யூபூலே இல்லாவிட்டால்’ என்ற கேள்விக்கான அளவு. அவை வளர்ந்து சுருங்கும் ஆட்டம்தான் திசைக்கு வேண்டுமா என்று கேட்க 100 நானோமோலாருக்குப் பக்கத்தில் இறங்குங்கள். குழல்கள் பெரும்பாலும் இருக்கும், முனையின் ஆட்டம் மட்டும் அடங்கும். அந்த அளவிலேயே ஃபைப்ரோபிளாஸ்டின் வேகம் குறையும் என்று 1995-லேயே காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி வாஷ்அவுட். மருந்தைக் கழுவிவிட்டால் மைக்ரோட்யூபூல் மறுபடி விளிம்பை நோக்கி வளரும். வளரும்போது ரேக்1 (Rac1) என்ற புரதம் தூண்டப்பட்டு லமெல்லிபோடியம் (செல்லின் தட்டையான முன்விளிம்பு) விரியும். குழல் முனைகள் போய்த் தொடும் ஃபோக்கல் அட்ஹீஷன்கள் (செல் தரையைப் பிடிக்கும் புள்ளிகள்) ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அதற்கு எஃப்ஏகே, டைனமின் என்ற புரதங்கள் வேண்டும். அந்தப் புள்ளிகளில் இருக்கும் பாக்சிலின் புரதத்தை, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி-யோடு வைத்து நேரலையில் பாருங்கள். தடித்த புள்ளிகள் உதிர்வதைக் கண்ணால் பார்த்தபிறகு, வால் பக்கம் ஏன் விடுபடுகிறது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

கீறலின் அகலத்தை மட்டும் அளக்காதீர்கள். தனித்தனிச் செல்லைப் பின்தொடர்ந்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள நேர்தூரத்தை, நடந்த மொத்தத் தூரத்தால் வகுங்கள். வேகமும் திசையும் அப்போதுதான் பிரியும். உருண்டு நிற்கும் செல்களை விட்டுவிடுங்கள், அவை மைட்டோசிஸில் (செல் பிரிவில்) மாட்டியவை.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, அக்கா. சூடான பிபிஎஸ்ஸில் டியூபுலின் இழை இழையாகத் தெரிகிறது! ஒய்-27632 சேர்த்ததில் தடித்த ஃபைபர்கள் போய்விட்டன, ஆனால் செல்களுக்கு நீள வால் முளைக்கிறது, திசையும் திரும்பவில்லை.

பதில் 1:
வால், ராக் கைனேஸை அடக்கியதால் வருவது. பின்பக்கத்தை இழுத்துக்கொள்ள மயோசின் போதவில்லை. ஒய்-27632 மட்டும் போட்ட தட்டிலும் அது இருக்கும், பாருங்கள். சுருக்கத்தை இறக்கியும் திசை வரவில்லை என்றால், திசை தப்பியதற்கு ரோ மட்டும் காரணமில்லை என்று எழுதலாம். அதற்கு மேல் எழுத 100 நானோமோலார் தட்டின் தடங்கள் வேண்டும்.