அனிமே பாணி பிக்சல் ஆர்பிஜி: முகம் எடுபடல, நடை நடுங்குது, தமிழ் வசனம் உடையுது

அகல்விளக்கு

சூப்பர் ஃபாமிகாம் (நிண்டெண்டோவோட பழைய கேம் கன்சோல்) காலத்துச் சாயல்ல, அனிமே மாதிரி ஆட்களோட ஒரு அட்வென்ச்சர் ஆர்பிஜி கேம் செய்யுறேன். கேம் இன்ஜின் கோடோ 4.3. வியூபோர்ட் (ஆட்டம் வரையப்படுற உள்திரை) 320×180, டைல் (தரைக்கட்டம்) 16×16, ஆள் 16×24, வசனப் பெட்டிக்கு 64×64 முகப்படம். நாலு இடத்துல முட்டுது:

1366×768 திரையில பிக்சல் எல்லாம் ஒரே அளவா இல்ல, குறுக்கா, அதாவது மூலைவாட்டமா, நடந்தா ஆள் நடுங்குறான். முகம் பொம்மை மாதிரி இருக்கு, அனிமே களை வரல. 600 பிக்சல்ல வரைஞ்சு 64-க்குச் சுருக்கின முகப்படம் கலங்கிப்போகுது. வாள் வீச்சுக்கு 8 ஃப்ரேம், நொடிக்கு 12 வீதம் ஓடுது. தண்ணிக்குள்ள வீசுற மாதிரி இருக்கு. தமிழ் வசனத்துல 'கொ' எழுதினா கொம்பு பின்னாடி போய் நிக்குது.

எது எங்க தப்பு?

கட்டம்16

திரையை முதல்ல முடிச்சிடலாம். 1366-ஐ 320-ஆல வகுத்தா 4.27. அதான் சில பிக்சல் 4 புள்ளி அகலம், சிலது 5. ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே, விண்டோ, ஸ்ட்ரெச் போய் மோட் 'வியூபோர்ட்', ஆஸ்பெக்ட் 'கீப்', ஸ்கேல் மோட் 'இன்டிஜர்' வைங்க. இப்ப 4 மடங்கு, அதாவது 1280×720 மட்டும் வரும்; பக்கத்துக்கு 43, மேலயும் கீழயும் 24 புள்ளி கருப்பு விளிம்பு மிஞ்சும். 1080-க்கு 6 மடங்கு, 1440-க்கு 8, 4கே-க்கு 12, எல்லாம் மிச்சமில்லாம வகுபடும். கருப்பு விளிம்பு பிடிக்கலன்னா ஆஸ்பெக்ட்டை 'எக்ஸ்பாண்ட்' ஆக்குங்க. அந்தத் திரையில வியூபோர்ட் 341×192 ஆகும். ஆனா எல்லா அறைக்கும் ஓரத்துல ஒரு டைல் கூடுதலா வரைஞ்சிருக்கணும், இல்லன்னா வெறும் பின்னணி எட்டிப் பார்க்கும். டெக்ஸ்சர் ஃபில்டர் 'நியரஸ்ட்'தானேன்னும் ஒருதடவை பாருங்க.

இன்னொண்ணு: 180-ஐ 16-ஆல வகுத்தா 11.25. ஒரே திரைக்குள்ள அடங்குற அறைன்னா 4 பிக்சல் தொங்கும். அந்த 4-ஐ மேல்சுவர்ல மறைக்கிறதுதான் சுலபம்.

நடுக்கத்துக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, திசையனை நார்மலைஸ் பண்ணினதும் (நீளத்தை 1 ஆக்கினதும்) நொடிக்கு 60 பிக்சல் வேகம் குறுக்குல அச்சுக்கு 42.4 ஆகுது, அதாவது ஒரு ஃபிரேமுக்கு 0.707. கிடைமட்டத்தோட பின்னமும் செங்குத்தோட பின்னமும் வேற வேற இடத்துல இருந்து தொடங்கினா, ரெண்டும் வேற வேற ஃபிரேம்ல அடுத்த பிக்சலுக்குத் தாவும். கண்ணுக்கு அது படிக்கட்டா தெரியும். குறுக்கா திரும்புற அந்த ஒரு ஃபிரேம்ல மட்டும் இருப்பிடத்தை முழு எண்ணாக்குங்க. அப்புறம் ரெண்டும் சேர்ந்தே தாவும். ஒவ்வொரு ஃபிரேம்லயும் முழு எண்ணாக்கிடாதீங்க, 0.707 எப்பவும் 1 ஆகி, குறுக்கே போறவன் வேகமா ஓடுவான்.

ரெண்டாவது, கேமராவோட பொசிஷன் ஸ்மூதிங், அதாவது ஆளை மெதுவா வழுக்கித் தொடர்றது. கேமரா ஒரு பக்கம் முழு எண்ணா ரவுண்ட் ஆக, ஆள் ஒரு பக்கம் ரவுண்ட் ஆக, ஆள் ஒரு பிக்சல் முன்னும் பின்னும் ஆடுவான். அதை அணைச்சிடுங்க. நடை பிசிக்ஸ் ப்ராசஸ்ல ஓடுதுன்னா கேமராவையும் அதுலயே ஓட விடுங்க.

மைத்துளி

முகத்துக்கு வரேன். 16×24-ல தலைக்கு மட்டும் 12 அகலம், 11 அல்லது 12 உயரம் குடுங்க. பாதி உயரம் தலைக்கே போகுதேன்னு தயங்காதீங்க; அனிமே களை அங்கதான் இருக்கு. கண் ஒவ்வொண்ணும் 2 அகலம், 3 உயரம், நடுவுல 2 அல்லது 3 பிக்சல் இடைவெளி. தலையோட நடுக்கோட்டுக்குக் கீழ வைங்க, நெற்றி பெருசா தெரியணும். கண்ணோட மேல்வரிசை ரொம்ப இருட்டு, அதுதான் இமை. அதுக்குக் கீழ கருவிழி நிறம், ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. மூக்கு வேண்டாம். வாய்க்கு, தோல் நிழல் நிறத்துல ஒரு புள்ளி தாராளம்.

பொம்மை மாதிரி தெரியுறதுக்குப் பெரும்பாலும் காரணம் தலையணை ஷேடிங்: ஓரம் முழுக்க இருட்டி நடுவுல வெளுக்க விடுறது. அனிமே செல் (ஒளிபுகும் தாள்) ஓவியத்துல வெளிச்சம் ஒரு தட்டு, நிழல் ஒரு தட்டு, நடுவுல கத்தி வச்ச மாதிரி எல்லை. அதையே பண்ணுங்க. முடிக்கு மட்டும் ஒரு பிக்சல் உயரத்துல பளபளப்புப் பட்டை வைங்க. ஜப்பான்ல இதுக்கு 'தென்ஷி நோ வா', தேவதை வளையம்னு பேர். அது நேர்கோடா இல்லாம முடிக்கற்றை பிரியுற இடத்துல உடையணும்.

நிறக்கணக்கு: சூப்பர் ஃபாமிகாம்ல ஒரு ஸ்ப்ரைட் பேலட்டுக்கு 15 நிறம், 16-ஆவது ஒளிபுகும். அந்த வரம்பை நீங்களே போட்டுக்குங்க. அவுட்லைன் 1, தோல் 3, முடி 3, மேலாடை 3, கீழாடை 2, வெள்ளை 1, கண் 1. மொத்தம் 14, ஒண்ணு கைவசம். நிழலுக்குக் கருப்பைக் கலக்காதீங்க: தோல் நிழல் சிவப்பு, ஊதா பக்கம் சாயட்டும், அவுட்லைன் கரும்பழுப்பா இருக்கட்டும்.

முகப்படம் கலங்குறது சுருக்குறதாலதான். சுருக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து நூத்துக்கணக்குல இடைநிறம் முளைக்கும். சுருக்கின படத்தை 30 சதவீதத் தெளிவுல அடியில போட்டு, ஏஸ்ப்ரைட்ங்கிற பிக்சல் ஓவிய மென்பொருள்ல இன்டெக்ஸ்ட் மோட்ல (பேலட்ல இருக்குற நிறம் மட்டும்), 16 நிறத்துக்குள்ள மேல புதுசா கோடு இழுங்க. புருவம், கண், வாய் மூணையும் தனித்தனி லேயரா வைங்க: 3 புருவம், 4 கண், 3 வாய் வரைஞ்சா 36 முகபாவம். பேசுறதுக்கு மூடிய வாய், பாதி, திறந்த வாய் மூணே போதும். அனிமேக்காரங்க இந்த வாயசைவை 'குச்சிபாக்கு'ம்பாங்க. வெத்திலைப் பெட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

தாளம்

வீச்சு நீந்துறதுக்குக் காரணம் ஃப்ரேம் குறைவா இருக்குறது இல்ல, எல்லா ஃப்ரேமும் ஒரே நீளமா, 83 மில்லிவினாடியா இருக்குறது. டிவி அனிமே நொடிக்கு 24 ஃப்ரேம்தான், அதுலயும் ஒரே ஓவியத்தை ரெண்டு மூணு ஃப்ரேம் பிடிச்சு வைப்பாங்க; நொடிக்கு 12 அல்லது 8 ஓவியம். உயிர் அந்தப் பிடிப்புலதான் இருக்கு. உங்க 8-ஐ 6 ஆக்குங்க:

கை பின்னால போறது 60, ஓங்கி நிக்கிறது 160, இழுபட்ட வீச்சு 40, பட்ட நிலை 120, திரும்புறது 80, 80. மொத்தம் 540 மில்லிவினாடி.

மூணாவது ஓவியத்துல வாளே வேண்டாம், பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல் மட்டும். கோடோ ஸ்ப்ரைட்ஃப்ரேம்ஸ்ல வேகத்தை 10-னு வச்சா அடிப்படை 100 மில்லிவினாடி. 160-க்கு அந்த ஃப்ரேமோட டியூரேஷன் 1.6, 40-க்கு 0.4. கணக்கு சுலபம்.

சேதத்தை வீச்சு தொடங்கும்போது கழிக்காதீங்க, நாலாவது ஓவியம் வரும்போது ஃப்ரேம் மாறுற சிக்னல்ல கழிங்க. அடி விழுந்ததும் அடிச்சவன், அடிபட்டவன் ரெண்டு பேரோட ஸ்ப்ரைட்டையும் 5 பிசிக்ஸ் ஃபிரேம், ஏறக்குறைய 83 மில்லிவினாடி, நிறுத்தி வைங்க. இதுக்காக டைம் ஸ்கேலை 0 ஆக்கினா, திரும்ப ஓட்ட வேண்டிய டைமரும் சேர்ந்து நின்னு ஆட்டமே உறைஞ்சிடும்.

நடைக்கு மூணு ஓவியம் போதும்: இடதுகால், நேர்நிலை, வலதுகால், மறுபடி நேர்நிலை, ஒவ்வொண்ணும் 130 முதல் 150. கால் விரியும்போது தலை ஒரு பிக்சல் இறங்கணும்.

எழுத்தாணி

நீங்க பயன்படுத்துறது பிட்மேப் ஃபான்ட்டா (எழுத்தெல்லாம் வெறும் படமா இருக்குற ஃபான்ட்) இருக்கும்னு நினைக்கிறேன். அதுல ஷேப்பிங் விதிகள், அதாவது குறிகளை எழுத்தோட சேர்த்து அடுக்குற விதிகள், இருக்காது. யூனிகோட்ல 'கொ' என்பது ககரம், அப்புறம் ஒகரக் குறி. குறியை ரெண்டாப் பிரிச்சு கொம்பை முன்னாடி கொண்டு வர்றது ஷேப்பிங் இன்ஜினோட வேலை. கோடோ 4-ல ஹார்ஃப்பஸ்ங்கிற ஷேப்பிங் இன்ஜின் உள்ளேயே இருக்கு, ஆனா ஓப்பன்டைப் ஃபான்ட் குடுத்தாத்தான் அது வேலை செய்யும். ஃபான்ட்ஃபோர்ஜ்ங்கிற ஃபான்ட் செய்யுற மென்பொருள்ல சதுரக் கட்டங்களால ஒரு டிடிஎஃப் செய்யுங்க: எம் அளவு (எழுத்துக் கட்டத்தோட உயரம்) 1024, ஒரு பிக்சலுக்கு 64 அலகு, அப்ப 16 பிக்சல் ஃபான்ட். உகர, ஊகார வரிசை மட்டும் 18×2, 36 தனி வடிவம். டி, டீ தனி. இம்போர்ட்ல ஆன்டிஅலியாசிங், ஹின்ட்டிங், சப்பிக்சல் மூணும் அணைஞ்சிருக்கணும். அளவு 16 அல்லது 32 மட்டும். 20 வச்சா கோடு தடிப்பு மாறும்.

ஜப்பானிய கானா எழுத்து 8×8-க்குள்ள அடங்கும், தமிழ் அடங்காது. எழுத்துடலுக்கு 8, புள்ளிக்கும் இகர விசிறிக்கும் மேல 4, உகரச் சுழிக்குக் கீழ 4 வேணும். 304 அகலப் பெட்டியில முகப்படமும் ஓரமும் போக 216 மிஞ்சும். வரிக்குச் சுமார் 22 எழுத்து. மூணு வரி, 60 பிக்சல் உயரம், திரையில மூணுல ஒரு பங்கு. வசனத்தை இந்த அளவுக்கு எழுதிப் பழகுங்க.

எழுத்தெழுத்தா ஓடுறதுக்கு, லேபிள்ல விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியரை 'ஷேப்பிங்குக்குப் பின்' வகைக்கு மாத்துங்க. முன் வகையில 'க' வந்து, கண் சிமிட்டுற நேரத்துல 'கொ'வா மாறும்.

யாரும் சொல்லாத ஒரு பொறி: பொருள் பெயரை வசன வார்ப்புருவுல ஒட்டுறது. ஜப்பானியத்துல, நம்ம 'ஐ' மாதிரியான 'ஒ' உருபு தனியா நிக்கும், பெயர் மாறாது. தமிழ்ல வாள் வாளை ஆகும், மருந்து மருந்தை ஆகும், மரம் மரத்தை ஆகும். பெயரோட 'ஐ'யை ஒட்டுற நிரல் எழுதினா 'மரம்ஐ' வரும். ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டாம் வேற்றுமை வடிவத்தைத் தனிப் புலமா வைங்க. இல்ல, 'வாளை எடுத்தாய்' என்பதை 'வாள் கிடைத்தது'ன்னு மாத்துங்க. பாதி வசனம் இப்படியே தப்பிச்சிடும்.

அகல்விளக்கு

ஃபான்ட் பிட்மேப்தான், சரியாப் பிடிச்சீங்க. வலப்பக்க நடையைத் திருப்பிப் போட்டு இடப்பக்கமா வச்சுக்கலாமா?

மைத்துளி

வச்சுக்கலாம். வாள் கை மாறும், வகிடு பக்கம் மாறும், அது அந்தக் கால ஆட்டங்கள்லயும் உண்டு. நிழல்தான் காட்டிக்கொடுக்கும்: வெளிச்சம் இடது மேல்மூலையில இருந்து வர்ற மாதிரி வரைஞ்சிருந்தா, ஆள் திரும்பும்போது சூரியனும் கூடவே திரும்பும். வெளிச்சத்தை நேர் உச்சியில வைங்க. நிழல் தாடைக்கடியிலயும் கைக்கடியிலயும் மட்டும் விழட்டும்.