இலங்கைச் சண்டைக்குள்ள எங்கட வேதக்காரருக்கு (கிறிஸ்தவ ஆக்களுக்கு) நடந்தது மதத்துக்காகவோ?

குருநகர்ப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில படிக்கிற மருமகள் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு கேக்கிறா, யாழ்ப்பாணத்தில கிறிஸ்தவ ஆக்களை மதத்துக்காகத்தான் அடிச்சுக் கலைச்சவையோ எண்டு. எனக்கு வீட்டில கேட்ட கதையள்தான் தெரியும், 93 நவம்பர் 13 எங்கட குருநகர் யாகப்பர் வேதக்கோயிலுக்கு குண்டு போட்டதை அம்மா இப்பவும் சொல்லுவா. விபரம் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ ப்ளீஸ்.

நவாலியூர்:
தங்கச்சி, வேதக்காரர் எண்டதுக்காக இல்லை, தமிழர் எண்டதுக்காகத்தான் அடிச்சவை, ஆனா கோயில் எண்டு பாத்தும் விடேல்லை. 95 ஜூலை 9, ஆமியின்ர 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கை தொடங்கி வலிகாமம் மேற்குச் சனம் உடுப்பு பாக்கோட ஓடி வருது, கோயில்களில போய் இருங்கோ எண்டு ஆமிதான் அறிவிச்சது, அதை நம்பி எங்கட நவாலி பேதுரு வேதக்கோயிலிலயும் பக்கத்தில கதிர்காம முருகன் கோயிலிலயும் சனம் நிறைஞ்சு வழிஞ்சுது. விமானப்படையின்ர புக்காரா குண்டுவீச்சு பிளேன் வந்து அதுக்குத்தான் போட்டது. நூறு பேருக்கு மேல. சைவம் வேதம் எண்டு பிரிக்கேலாமல் ஒண்டாக் கிடந்ததுகள். நினைவுத்தூபி இருக்கு, படம் வேணுமெண்டா எடுத்துப் போடுறன்.

தீவான்:
எங்கட தீவுப்பக்கத்து அல்லைப்பிட்டியை விட்டுடாதேங்கோ. 2006 ஆகஸ்ட் 13 பிலிப்பு நேரியார் கோயிலுக்குள்ள தஞ்சமிருந்த சனத்துக்கு மேல செல் விழுந்து செத்தவை. பங்குத்தந்தை ஜிம் பிரவுண் பாதர்தான் மிச்ச ஆக்களை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். 20ஆம் திகதி அவரும் கூடப்போன ஒரு ஆளும் அல்லைப்பிட்டிப் பக்கம் போனவை, பிறகு ஆளில்லை. ஒரு பதிலும் இல்லாமல் இவ்வளவு வருசம், நினைக்க வயிறு எரியுது.

செம்மணி றோட்:
95 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணச் சனம் எல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்ட இடம்பெயர்வு, அப்ப நான் சின்னப்பிள்ளை. நாவற்குழிப் பாலத்தில சனம் அசையேல்லை, மழை வேற, அம்மா குடையை மறிச்சுப் பிடிச்சு அதில சேந்த தண்ணியைத்தான் எங்களுக்குக் குடிக்கத் தந்தவ. எங்களுக்கு முன்னால ஒரு கிழவி மாதா சுருவத்தைச் சீலையால சுத்தி இடுப்பில வச்சுக்கொண்டு நடந்தா, பக்கத்தில திருநீறு பூசின ஐயா ஒராள் அவவின்ர பாக்கைத் தூக்கிக்கொண்டு போறார். அண்டைக்கு எல்லாருக்கும் ஒரே றோட்டுத்தான். ஆனா மருமகளுக்கு இதையும் சொல்லுங்கோ: யாழ்ப்பாணத்தில ஒரு சமயத்து ஆக்களை மட்டும் பிரிச்சுக் கலைச்சது எண்டா அது 90 ஒக்டோபர் 30, முஸ்லிம் சனத்தை, அதுவும் புலியள் ரெண்டு மணித்தியாலம் குடுத்து. எங்கட இழப்பைக் கேக்கிற பிள்ளைக்கு அதையும் நாங்கள்தான் சொல்லோணும்.

குருநகர்ப் பிள்ளை:
நன்றி எல்லாருக்கும். அதையும் எழுதச் சொல்லுறன். நவாலி அண்ணை, தூபியின்ர படம் போடுங்கோ.