கலைச்சொல் இழை: ஜிக்சாவுக்கு ‘நெளிவாள்’ சரி, ‘ஆர்பிட்டல்’ வசதிக்கு என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்கள் எந்த ஜிக்சாவை (மரத்தை வளைவாகவும் அறுக்க உதவும், கையில் பிடித்து ஓட்டும் மின்ரம்பம்) பார்த்து வாங்குவது என்று தமிழில் ஒரு வழிகாட்டி எழுதுவதற்காகக் கலைச்சொற்கள் கேட்டுத்தான் இந்த இழை தொடங்கியது. இதுவரை வந்திருப்பவை புதிர் ரம்பம், தையல் ரம்பம், குத்துவாள், நெளிவாள். கருவியின் பெயர் ஒன்றையே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். கடையில் நின்று இதுவா அதுவா என்று தடுமாறுகிறவருக்குப் பெயரைவிடப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மற்ற சொற்கள்தான் புரியாமல் போகின்றன. அதற்கு வருகிறேன். முதலில் பெயர்.

என் வாக்கு நெளிவாளுக்கு.

‘புதிர் ரம்பம்’ வேண்டவே வேண்டாம் என்பேன். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், நிலப்படங்களைப் பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்துப் பிள்ளைகளுக்கு விற்றார். இன்றைய துண்டுப் புதிர்களுக்கு மூத்தது அதுதான். அவற்றுக்கு ஜிக்சா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது நூறாண்டுக்கும் பிறகு. அப்படி நுணுக்கமாக அறுக்க, நூல்போன்ற மெல்லிய பிளேடு வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் இன்றைய ஜிக்சாவின் பிளேடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தைத் தின்றுவிடும், துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிப் பொருந்தா. பிள்ளைகளுக்குப் புதிரும் பொம்மையும் செய்ய ஆசைப்படுகிறவர் ‘புதிர் ரம்பம்’ என்று படித்துவிட்டு இதை வாங்கினால் பணம் வீண். அவருக்கு வேண்டியது ஸ்க்ரோல் சா. அதில் பிளேடின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டியிருக்கும். இயந்திரம் மேசைமேல் நிற்கும், மரத்தை நாம் நகர்த்துவோம். ஜிக்சாவில் மரம் நிற்கும், இயந்திரம் நகரும். வாங்கும்போது முதலில் தீர்க்க வேண்டிய கேள்வியே இதுதான். அதனால் கை நெளிவாள், மேசை நெளிவாள் என்று இரண்டையும் ஒரே வேரிலிருந்து பிரித்துவிடலாம். நெளிவாள் என்ற சொல் எனக்குப் பிடித்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

தையல் ரம்பத்தை முன்மொழிந்த அக்கா சொன்ன வரலாறு சரியானது. 1946இல் சுவிட்சர்லாந்தின் சோலோதூர்ன் நகரில் சிண்டில்லா நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் காஃப்மன், மனைவியின் தையல் இயந்திரத்தில் ஊசியைக் கழற்றிவிட்டு ரம்பப் பிளேடை மாட்டிப் பார்த்தார். அடுத்த ஆண்டே ‘லெஸ்டோ’ என்ற பெயரில் கருவி விற்பனைக்கு வந்தது. அந்த நிறுவனம் பின்னால் போஷ் கைக்குப் போனது. ஜெர்மானியர் இதை ஷ்டிக்ஸேகே என்கிறார்கள். ஷ்டிக் என்றால் குத்து, தையல் இரண்டும்தான். தையல் ரம்பமும் குத்துவாளும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது இதில் தெரிகிறது. ஆனால் தமிழில் தையல் என்றதும் துணிதான் நினைவுக்கு வரும். குத்துவாள் ஏற்கெனவே ஆயுதத்தின் பெயர்.

‘வாள் என்றால் யாருக்குப் புரியும், ரம்பம் என்றே வைப்போம்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். இலங்கை நண்பர்களுக்கு இன்றும் மரம் அரிவது வாள்தான், ரம்பம் என்றால்தான் யோசிப்பார்கள். 334ஆம் குறளில் ‘உயிர் ஈரும் வாள்’ என்று வருகிறதே, ஈர்தல் என்றால் அறுத்தல். மரம் அறுக்கும் கருவிக்கு ஈர்வாள் என்ற பெயரும் நம்மிடம் உண்டு. கடல் தாண்டியும் புரிகிற சொல் இருக்கும்போது அதையே எடுப்போம்.

நேராகவும் அறுக்கிற கருவிக்கு நெளிவாள் என்ற பெயர் எப்படிப் பொருந்தும் என்று ஐயா ஒருவர் எழுப்பிய மறுப்புக்கு என் பதில்: நேராக அறுக்க வட்ட ரம்பம் இருக்கிறது. நெளிவாளை ஒரு ரீப்பரை ஒட்டிப் பிடித்து நேராக ஓட்டலாம்தான். பிளேடின் கீழ்முனையைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பதால், கனமான மரத்தில் மேலே கோட்டின்மீதும் கீழே கோட்டைவிட்டு விலகியும் போய்விடும். ஒரு கருவியை அது மட்டுமே நன்றாகச் செய்யும் வேலையால் அழைப்பதுதான் வாங்குகிறவருக்கு உதவும்.

சரி, இப்போது ஆர்பிட்டல். பெட்டியில் ‘ஆர்பிட்டல் ஆக்‌ஷன்’, சிலவற்றில் ‘பெண்டுலம்’ என்று இருக்கும். பக்கவாட்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சிறு திருகு. புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். இதை இழையில் ஒருவர் ‘சுற்றுப்பாதை இயக்கம்’ என்று மொழிபெயர்த்திருந்தார். படிக்கிறவர் பிளேடு வட்டமாகச் சுற்றும் என்று நினைத்துக்கொள்வார்.

உள்ளே நடப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பிளேடின் முதுகில் ஒரு சின்ன உருளை, நடுவில் பள்ளம் விட்டு, பிளேடைத் தாங்கிக்கொண்டிருக்கும். திருகு 0இல் இருந்தால் அந்த உருளை அசையாது, பிளேடு நேராக ஏறி இறங்கும். 3இல் வைத்தால் பிளேடு மேலே ஏறும்போது உருளை அதை முன்னால் தள்ளும். பல் மரத்தைக் கடித்துக்கொண்டே மேலே போகும். இறங்கும்போது பிளேடு பின்வாங்கிவிடும், உரசல் குறையும், மரத்தூளும் வெளியேறும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடுகிறது. நம் பள்ளிப் பாடத்தில் ‘தனி ஊசல்’ படித்திருக்கிறோம். அந்த ஊசலையே எடுத்து ‘ஊசல் வெட்டு’ என்று வைப்போம் என்பது என் முன்மொழிவு. திருகின் எண்கள் ‘ஊசல் 0’, ‘ஊசல் 3’.

வழிகாட்டியில் இது எப்படி உட்காருகிறது என்று எழுதிப் பார்த்தேன்: “சன்மைக்கா ஒட்டிய பிளைவுட்டா, சிராய் வரக்கூடாதா, ஊசல் 0இல் வையுங்கள். இரும்புத் தகட்டுக்கும் 0தான். மாமரப் பலகை, பேக்கிங் பெட்டி மரம் போன்றவற்றை விரைவாகத் துண்டாக்க வேண்டுமா, 2 அல்லது 3.” ஒரு விளக்கமும் இல்லாமலே புரிகிறது. ‘சுற்றுப்பாதை இயக்கம் 0’ என்று இதே வரியைப் படித்துப் பாருங்கள். தச்சுவேலை நண்பர் ஒருவரிடம் ‘ஊசலை நிறுத்திட்டு அறுங்க’ என்று சொன்னபோது அவர் விரல் நேராக அந்தத் திருகுக்குப் போனது. எனக்கு அந்தச் சான்று போதும்.

சிராய் பற்றி ஒரு சொல். பிளேடின் பற்கள் பெரும்பாலும் மேல்நோக்கி இருப்பதால் கருவி உட்காரும் பக்கத்தில்தான் சிராய் பெயரும். அழகான முகம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தில் கோடு போட்டு அறுப்பது அதனால்தான். கீழ்நோக்கிப் பல் வைத்த பிளேடும் கிடைக்கிறது. அதில் வெட்டும்போது கருவி மேலே எகிறப் பார்க்கும், அழுத்திப் பிடிக்க வேண்டும். கடைக்காரர்கள் ‘ரிவர்ஸ்’ என்கிறார்கள். ‘கீழ்ப்பல் பிளேடு’ என்று வைத்துவிட்டால் எந்தப் பக்கம் சிராய் வரும் என்பது பெயரிலேயே தெரியும்.

கைப்பிடிக்கு ‘டி-ஹேண்டில்’ (D), ‘பேரல் கிரிப்’. முதலாவதை ‘வளையப்பிடி’ என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார், அது நன்றாக இருக்கிறது. இரண்டாவதை ‘பீப்பாய்ப்பிடி’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். அங்கே கை பிடிப்பது மோட்டார் இருக்கும் உடலைத்தான், ஆகவே ‘உடற்பிடி’. வளையப்பிடியில் விரல் சுண்டும் விசையிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், புதியவருக்கு எளிது. உடற்பிடியில் கை தாழ்வாக, பிளேடுக்கு அருகில் இருக்கும், வளைவில் திரும்பும்போது கருவி சாயாது. பலகைக்குக் கீழே கருவியைத் தலைகீழாகப் பிடித்து, மேலே கோட்டைப் பார்த்தபடி அறுக்கிற தச்சர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். அப்படிப் பிடித்தால் சிராயும் கீழ்ப்பக்கமே போய்விடும். வளைவு வேலைதான் முக்கியம் என்பவர் உடற்பிடியை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

கருவிக்குள் மாட்டும் பிளேடின் தலையைக் குறிக்கும் ‘டி-ஷாங்க்’ (T), ‘யு-ஷாங்க்’ (U) இரண்டுக்கும் புதுச்சொல் தேவையில்லை. இன்று ஏறக்குறைய எல்லாமே டி. அந்த எழுத்து பிளேடு எண்ணிலேயே இருக்கிறது: மரத்துக்குச் சுத்தமான வெட்டு என்றால் T 101 B, வேகமான வெட்டு T 144 D, வளைவுக்குக் குறுகிய பிளேடு T 119 BO, இரும்புக்கு T 118 A. கடையில் கேட்டு வாங்க வேண்டிய எண்ணைத் தமிழாக்கினால் வாங்குகிறவர் திண்டாடுவார்.

கடைசியாக ஒன்று, இங்கே உங்கள் உதவி வேண்டும். ‘ஸ்ட்ரோக் லெங்த்’ என்பதை ‘வீச்சு’ என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். சிறிய கருவிகளில் அது 18 மி.மீ. அளவில் இருக்கும், பெரியவற்றில் 26 மி.மீ. நீளம் கூடக்கூட அதிகப் பற்கள் வேலை செய்யும், கனமான மரத்தில் தூள் நன்றாக வெளியேறும். வாட்டைவிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் இயற்பியல் பாடநூலில் வீச்சு என்பது நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் உள்ள தொலைவு. அந்தக் கணக்கில் 26 மி.மீ. ஏறி இறங்கும் பிளேடின் வீச்சு 13 மி.மீ.தான். ஊசல் என்ற சொல்லையும் அதே பாடத்திலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்திலேயே வீச்சை வேறு பொருளில் வைத்தால் படித்த பிள்ளைகளுக்கே குழப்பம். ‘ஏறிறக்கம்’ என்று வைக்கலாமா? ‘ஏறிறக்கம் 26 மி.மீ., நிமிடத்துக்கு 3,000 ஏறிறக்கம்’ என்று நீளத்துக்கும் எண்ணிக்கைக்கும் சேர்த்துப் பயன்படும். நாக்கில் கொஞ்சம் தடுக்குகிறது என்பது மட்டுமே எனக்குள்ள தயக்கம். இயற்பியல் ஆசிரியர்களும் பட்டறையில் இருப்பவர்களும் இதற்கு இன்னும் இலகுவான சொல் இருந்தால் சொல்லுங்கள். நெளிவாள், ஊசல் வெட்டு, கீழ்ப்பல், உடற்பிடி இவற்றுக்கு மறுப்பு இருந்தால் அதையும் இதே இழையில் எழுதுங்கள், வழிகாட்டி எழுதும் நண்பர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
மரவேலைப் பிரியன்