கால்வாய்ல படகு விடுவாங்களாம், தூணை என்ன பண்ணுவாங்களாம்?

மந்தைவெளி வாசி:
நேத்து பக்கத்து இழையில ஒரு தம்பி கொச்சி வாட்டர் மெட்ரோ படகுல ஏசி காத்து வாங்கிட்டு வந்து, "இதே மாதிரி சென்னையில பக்கிங்ஹாம் கால்வாய்ல விட்டா ஓஎம்ஆர் டிராபிக் பாதி குறைஞ்சிடும், டூரிஸ்டும் கொட்டுவான், மனசு தான் வேணும்"னு எழுதியிருக்கார். அதுக்கு லைக் வேற குவியுது. மனசெல்லாம் இருக்கு தம்பி. கால்வாய் நடுவுல தூண் இருக்கே, அதை என்ன பண்றது? சேப்பாக்கம் தாண்டினா, தூண் மேல ஓடுற பறக்கும் ரயிலுக்கு ஸ்டேஷனையே தண்ணி மேல தான் கட்டி வச்சிருக்கான். திருமயிலை, மந்தைவெளி, கோட்டூர்புரம்னு எண்ணிக்கிட்டே போகலாம். அந்த தூண் எறங்கும்போது நான் மொட்டை மாடியில நின்னு பார்த்தவன்.

கொச்சி போன தம்பி:
அண்ணே, அந்த தம்பி நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சாங்க, நூறு பேர் ஏறுற பேட்டரி படகு, படகை வெளிநாட்டுல இருந்து இறக்கல, அவங்க ஊர் கப்பல் கட்டுற தளத்துலயே செஞ்சது. டிக்கெட் 20 ரூபாய்ல ஆரம்பம். ஹைகோர்ட் ஜெட்டியில ஏறினா இருபது நிமிஷத்துல வைப்பின் தீவு. படகு ஜெட்டிக்கு வந்து நின்னா தளமும் படகும் ஒரே மட்டத்துல இருக்கு, வீல்சேர் தள்ளிக்கிட்டு ஒரு பாட்டி அப்படியே உள்ள போனாங்க. நமக்கு அதெல்லாம் வேணாம், குறை சொல்ல ஒரு தூண் போதும். அதுவும் அந்த தூண் நடுவுல இல்ல, ஓரத்துல இருக்கு.

மந்தைவெளி வாசி:
ஓரத்துலயா??? தம்பி எந்த ஊர்? கால்வாயைப் பார்த்திருக்கீங்களா இல்ல மேப்புல நீலக்கோடா பார்த்தீங்களா? நடுவுல. ந டு வு ல.

ரிட்டையர்டு இன்ஜினியர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. தூணைத் திட்டுறதுக்கு முன்னாடி படகு எப்ப நின்னுச்சுன்னு பாருங்க. 1806ல காக்ரேன்னு ஒரு வியாபாரி இங்க இருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டினது தான் தொடக்கம். அப்புறம் தாது வருஷப் பஞ்சத்துல ஜனங்களுக்குக் கூலி குடுக்கணும்னு 1877-78ல கூவத்தையும் அடையாறையும் சேர்த்து ஒரு 8 கிலோமீட்டர் வெட்டி, அப்ப கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு பேரை வச்சாங்க. ஆந்திராவுல இருந்து மரக்காணம் வரைக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல உப்பும் விறகும் வைக்கோலும் இதுல தான் வந்துச்சு. ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் லாரி, 1965லயும் 66லயும் அடிச்ச புயல்ல கரை சரிஞ்சு மண்ணு மூடிச்சு, கதை முடிஞ்சுது. பறக்கும் ரயில் முதல்ல ஓடினது 1995ல. ஏற்கனவே செத்துக் கிடந்தவன் மேல தூண் நட்டா அது கொலையா?

மந்தைவெளி வாசி:
சார், செத்தவனைப் புதைச்சது யாருன்னு கேக்கறேன். மண்ணு மூடினா தூர் வாரலாம். தூணைத் தூர் வார முடியுமா? போன மாசம் மெட்ரோ இழையிலயும் இப்படித்தான் வருஷக் கணக்கா அடுக்கி என்னை மடக்கப் பார்த்தீங்க, மறக்கல. எங்க ஏரியா தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு அந்தப் பேர் சும்மாவா வந்துச்சு? காய்கறி படகுல வந்து எறங்கின இடம். பாரதிதாசனே நண்பர்களோட இதே கால்வாய்ல படகு ஏறி மாமல்லபுரம் போயிருக்கார், பாட்டாவே எழுதி வச்சிருக்கார், ஆள் கரையில நடந்து கயிறு கட்டி இழுக்கறது எல்லாம் அதுல வருது. இன்னைக்கு அவர் வந்தா திருமயிலை ஸ்டேஷனுக்கு அடியிலயே தலை இடிச்சுக்குவார்.

வடசென்னை பையன்:
மயிலாப்பூர் மயிலாப்பூர் மயிலாப்பூர். சேப்பாக்கத்துக்கு வடக்கால ஊரே இல்லையா? காக்ரேன் வெட்டினது எங்க பக்கம். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து விறகுப் படகு வந்து நின்னது பேசின் பிரிட்ஜ்ல, அந்த 'பேசின்'னாலே படகு நிக்கற குட்டை தான் சார். எங்க பக்கம் பறக்கும் ரயில் தூண் ஒண்ணு கிடையாது. ஆனா ஒருத்தனும் "பேசின் பிரிட்ஜ்ல இருந்து எண்ணூருக்கு படகு விடு"ன்னு கேக்க மாட்டான். டூரிஸ்டுக்கு கபாலி கோயில் கோபுரம் தெரியணும், எங்க சிம்னி தெரியக்கூடாது, அதானே?

கொச்சி போன தம்பி:
ப்ரோ சொல்றது பாயிண்ட்டு. அதே மாதிரி திருவான்மியூருக்கு தெக்காலயும் தூண் இல்ல, ரயில் வேளச்சேரி பக்கம் திரும்பிடுது. கோவளம் வரைக்கும் கால்வாய் காலியா கிடக்கு.

மந்தைவெளி வாசி:
அப்ப வடக்கால ஒரு துண்டு, தெக்கால ஒரு துண்டு, நடுவுல எறங்கி ஆட்டோ பிடிக்கணுமா? தெற்குல ஏற்கனவே முட்டுக்காட்டுல போட் ஹவுஸ் இருக்கு, அங்க போய் பெடல் மிதிங்க, யார் வேணாம்னா. நான் கேட்ட ஒரு கேள்விக்கு பதில் இல்ல. நடுவுல தூண் இருக்கா இல்லையா?

தினமும் ரயில்ல போறவ:
ஒரு நிமிஷம். மேல ரயில் போற அதே வழியில கீழ படகு எதுக்கு? நான் திருவான்மியூர்ல ஏறி பீச் போறேன், கூட்டம் இல்லாத நேரத்துல பாதிப் பெட்டி காலியா தான் இருக்கு. அதை விட்டுட்டு யார் நாத்தத்துல மெதுவா போவா? கொச்சியில தீவுல இருக்கறவங்களுக்கு படகு அவசியம், இங்க யாருக்கு?

கொச்சி போன தம்பி:
அக்கா, வைப்பினுக்கு 2004லயே கோஸ்ரீ பாலம் போட்டாச்சு, பஸ்ஸும் போகுது. இருந்தும் படகுல கியூ நிக்குது. பாலம் இருந்தா படகு வேணாம்னு அர்த்தம் இல்ல. அண்ணே, தூண் ஓரத்துல தான்.

பாங்காக் வாசி:
இங்க எட்டு வருஷமா இருக்கேன், சிரிப்பு தான் வருது. ஆத்துல ஆரஞ்சுக் கொடி போட்ட படகுல டூரிஸ்ட் போட்டோ எடுக்கறான், அதை விடுங்க. ஊருக்குள்ள சேன் சேப்னு ஒரு கால்வாய் இருக்கு, நான் ஆபீஸ் போறது அதுல தான். தண்ணி கருப்பு. நாத்தமும் உண்டு. எதிர்ல இன்னொரு படகு வந்தா அலை தெறிக்கும், ஓரத்துல உக்காந்தவன் கயிறை இழுத்தா ஒரு தார்பாய் மேல எழும்பி மூஞ்சியை மறைச்சுக்கும், இழுக்க மறந்தா அன்னைக்கு சட்டை போச்சு. பாலம் தாழ்வா வந்தா படகோட கூரையையே கீழ இறக்குவான். டிக்கெட் குடுக்கறவன் ஹெல்மெட் போட்டுக்கிட்டு படகு விளிம்புல நடந்தே காசு வாங்குவான். அந்த ஊர்க்காரன் யாரும் தண்ணி சுத்தமாகட்டும் அப்புறம் ஏறலாம்னு உக்காந்திருக்கல.

வடசென்னை பையன்:
வெளிநாடு போயிட்டா எல்லாரும் இப்படித்தான். அங்க நாறினா அழகு, இங்க நாறினா அசிங்கம்.

பாங்காக் வாசி:
நான் அதுக்கு நேர் எதிரா தானேப்பா சொன்னேன், திரும்பப் படி.

ரிட்டையர்டு இன்ஜினியர்:
1970கள்ல கூவத்துல படகுத்துறை கட்டி படகு விட்டதையும் இங்க யாரும் சொல்லல. ஊரே கழிவுத்தண்ணியை உள்ள விட்டுக்கிட்டு இருந்தா எந்தப் படகு எத்தனை நாள் ஓடும்? முதல்ல சாக்கடையை நிறுத்துங்க, படகைப் பத்தி அப்புறம் பேசலாம். 2008ல இதை தேசிய நீர்வழி 4ல சேர்த்து அறிவிச்சாங்க, அதுக்கப்புறம் மந்தைவெளி பக்கம் ஏதாவது படகு வந்துச்சா?

மந்தைவெளி வாசி:
எப்படி வரும்? நடுவுல தூண் இருக்கு.

ரிட்டையர்டு இன்ஜினியர்:
சார், ஒரே பாட்டைப் பாடாதீங்க. அந்த பாலத்துக்கு சில இடத்துல ஒரு கால் தண்ணியில இருக்கும், ஒரு கால் கரையில இருக்கும். சர்வீஸ்ல இருந்தவன் சொல்றேன்.

மந்தைவெளி வாசி:
தண்ணியில இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்கள்ல, அது போதும்.

ரிட்டையர்டு இன்ஜினியர்:
ஒத்துக்கல. தண்ணியில இருக்குன்னா நடுவுலன்னு அர்த்தமா?

தினமும் ரயில்ல போறவ:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

கொச்சி போன தம்பி:
ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நேர்லயே போய் அளந்துடலாம் அண்ணே, நான் டேப் கொண்டு வர்றேன், வர்றீங்களா?

மந்தைவெளி வாசி:
எனக்கு எதுக்கு டேப்பு? தினம் பார்க்கறேன். இந்தாங்க, இப்பத்தான் மாடியில இருந்து எடுத்த படம். கண்ணு இருக்கறவங்க பார்த்துக்கட்டும்.

வடசென்னை பையன்:
படத்துல தண்ணியே தெரியலையே, ஆகாயத்தாமரை தான் கரைக்கு கரை படர்ந்திருக்கு. இதுல எது நடுவு, எது ஓரம்?

மந்தைவெளி வாசி:
பச்சையா இருக்குல்ல, அதுக்கு நடுவுல.