துரோகம் செய்தவன் பாடுகிறான் சரி, மன்னிப்பு எங்கே? (சோல் பாடல்கள்)

ராக்கோழி:
அறுபதுகளில் சோல் (சர்ச் பாட்டின் சாயலோடு அமெரிக்கக் கறுப்பினத்தவரிடமிருந்து வந்த இசை) பாடகர் ஜேம்ஸ் கார் பாடிய ‘தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’ கொஞ்ச நாளாக விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கள்ளக்காதல் பாட்டுதான், ஆனால் குரலைக் கேட்டால் சர்ச்சில் முட்டி போட்டு அழுகிற மாதிரி இருக்கிறது. வரிகளைக் கவனித்தால் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. பாவம் என்று தெரியும், ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்றும் தெரியும், ஆனாலும் இன்று ராத்திரி அதே இருட்டு முனையில் சந்திப்போம் என்கிறான். கட்டினவளிடம் நேராக வந்து மன்னிப்புக் கேட்கிற சோல் பாட்டு ஏதாவது உண்டா?

பழைய தட்டு:
அந்தக் காலத்தில் தேடினால் கிடைப்பது கஷ்டம். 1972இல் லூதர் இங்க்ராம் பாடியதில் அவனுக்கு வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள், அதையும் அவனே சொல்லிவிட்டு, இது தப்பென்றால் எனக்குச் சரியே வேண்டாம் என்கிறான். அதே வருடம் பில்லி பால் மிஸஸ் ஜோன்ஸைத் தினமும் ஆறரைக்கு ஒரே கஃபேயில் சந்திக்கிறார், வருத்தமெல்லாம் பிரிந்து வீட்டுக்குப் போக வேண்டுமே என்பதில்தான்! சர்ச் வாசனைக்குக் காரணம் இருக்கிறது. கார் மெம்பிஸில் காஸ்பல் (சர்ச் பக்திப் பாட்டு) குழுக்களில் பாடி வந்தவர். டேன் பென்னும் சிப்ஸ் மோமனும் 1966இல் நாஷ்வில்லில் சீட்டாட்டத்துக்கு நடுவே அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்த பாட்டை அவர் கடவுள் முன்னால் நின்று ஒப்புக்கொள்கிற மாதிரிப் பாடிவிட்டார். பகலில் கடைவீதியில் எதிர்ப்பட்டால் அழாமல் என்னைத் தாண்டிப் போய்விடு என்று அவளிடம் சொல்கிற இடத்தைத் திரும்பக் கேளுங்கள், அவன் பயப்படுவது ஊருக்குத்தான், பெண்டாட்டி அவன் நினைப்பிலேயே இல்லை.

மாடிவீட்டுக்காரி:
ஆண்கள் பாடினதையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? எட்டா ஜேம்ஸின் ‘ஐட் ராதர் கோ பிளைண்ட்’ (1967, அலபாமாவில் மசில் ஷோல்ஸில் பதிவானது) கேளுங்கள். அவன் இன்னொருத்தியோடு பேசுவதைப் பார்த்துவிட்டாள், அப்புறம் உதட்டருகே கொண்டுபோன கிளாஸில் தன் கண்ணீரே தெரிகிறது. மன்னிப்பதா வேண்டாமா என்பதற்கெல்லாம் அவள் இன்னும் வரவே இல்லை. மில்லி ஜாக்சன் 1974இல் ‘காட் அப்’ ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க வைப்பாட்டியாகவும் மறுபக்கம் மனைவியாகவும் பாடினார். இங்க்ராமின் அதே பாட்டையும் வைப்பாட்டி வாயில் கொடுத்து, நடுவில் நீளமாகப் பேசவும் செய்கிறார், கேட்டால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

டப்பா ஸ்பீக்கர்:
கேட்டது நேரடி மன்னிப்புதானே, 2004க்கு வாங்க. அஷர் பாடிய ‘கன்ஃபெஷன்ஸ் பார்ட் 2’. அதிகம் பழகாத ஒருத்தி கர்ப்பமாகி, பிள்ளையைப் பெற்றுக்கொள்வதாகச் சொல்கிறாள், இவன் காதலியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லி இன்னொரு வாய்ப்புக் கேட்கிறான். ஊரே அஷரின் சொந்தக் கதை என்று நம்பியது, ஆனால் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மைன் டுப்ரி அது தன் கதை என்றார்.

மாடிவீட்டுக்காரி:
அதிலும் “சொல்கிற அளவுக்கு நான் ஆம்பளை” என்று ஒரு பெருமை வருகிறதே தம்பி, அதையும் சேர்த்துக் கேளுங்க.

ராக்கோழி:
ஹா ஹா, சரி. முதலில் மில்லி ஜாக்சன், மனைவி பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.